அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தைக் கெடுத்தது பணம்தானா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 2000-களின் தொடக்கத்தில் எம்.எஸ். படிக்க நார்த் கரோலினா வந்தீர்கள், அங்கேதான் கல்லூரிக் கூடைப்பந்து உங்களைப் பிடித்துக்கொண்டது. முதலாண்டில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பையன் மூன்றாம் ஆண்டில் அணியையே தூக்கி நிறுத்துவதைக் கூடவே இருந்து பார்த்தீர்கள். இப்போது ஒன்பதாம் வகுப்பில் இருக்கும் உங்கள் மகன் பள்ளி அணியில் ஆடுகிறான். அவனோடு உட்கார்ந்து டிவியில் பார்த்தால் வருடா வருடம் எல்லா முகமும் புதிதாக இருக்கிறது. பசங்களுக்குக் காசு கொடுக்க ஆரம்பித்ததால் ஆட்டம் கெட்டுவிட்டதா, இனி இவன் இதை நம்பி ஆடலாமா என்று கேட்கிறீர்கள்.

இதில் இரண்டு விஷயங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வீரர்களுக்கு வெளிப்படையாகப் பணம் வந்தது ஒன்று. வீரர்கள் நினைத்தபோது கல்லூரி மாற முடிவது மற்றொன்று. இரண்டும் 2021-ஆம் ஆண்டிலேயே சில மாத இடைவெளியில் வந்துவிட்டதால் ஒரே மாற்றம்போலத் தெரிகின்றன. உங்களை வருத்தப்படுத்துவது இரண்டாவது, ஆனால் பழி விழுவது முதலாவதின் மேல். இது என் கருத்து. மத்திய மேற்கில் ஒரு சிறிய கல்லூரியின் ஆண்கள் அணிக்குப் பல வருடமாக வீடியோவும் புள்ளிவிவரமும் பார்த்துவருகிறேன். கல்லூரி ஆட்டத்தின் மேல்மட்டமான டிவிஷன் ஒன்றில்தான் இருக்கிறோம், ஆனால் நீங்கள் டிவியில் பார்க்கும் பெரிய பெயர்களில் ஒன்றல்ல. அதனால் நான் சொல்வதில் சின்னக் கல்லூரிக்காரனின் ஆதங்கம் கொஞ்சம் கலந்திருக்கும், அதைத் தள்ளுபடி செய்து படியுங்கள். பெண்கள் ஆட்டத்தை வெளியிலிருந்து பார்த்தவன்தான், அதைப் பற்றிச் சொல்வதை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

பணம் புதிதாக வரவில்லை. கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்சிஏஏ, 2010-இல் சிபிஎஸ், டர்னர் தொலைக்காட்சி நிறுவனங்களோடு மார்ச் மாதத் தேசியப் போட்டியின் ஒளிபரப்புக்குப் போட்ட ஒப்பந்தம் 14 வருடத்துக்கு 1,080 கோடி டாலர். 2016-இல் அதை 2032 வரை நீட்டித்தபோது மேலும் 880 கோடி. பயிற்சியாளர்கள் கோடிக்கணக்கில் வாங்கினார்கள், அரங்கங்கள் எழும்பின. ஆடியவனுக்குக் கிடைத்தது படிப்புச் செலவும் சாப்பாடும் தங்குமிடமும். இதற்கு மேல் பத்து டாலர் வாங்கினாலும் விதிமீறல். ஆனாலும் திரைமறைவில் பணம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. 2017 செப்டம்பரில் எஃப்பிஐ நான்கு உதவிப் பயிற்சியாளர்களையும் ஒரு ஷூ கம்பெனியின் அதிகாரியையும் சேர்த்துக் கைது செய்தபோது, வேலையில் இருந்த எங்களில் யாரும் ஆச்சரியப்படவில்லை. இவ்வளவு வெளிப்படையாகப் பிடிபட்டார்களே என்பதுதான் அன்றைய பேச்சு.

அதற்கு முன்பே நீதிமன்றத்தில் விரிசல் விழுந்திருந்தது. 1995-இல் யுசிஎல்ஏ கோப்பை வென்றபோது ஆடிய எட் ஓ'பானன், பல வருடம் கழித்து ஒரு வீடியோ கேமில் தன்னையே பார்த்தார். தன் உயரம், தன் நிறம், தன் எண், தன் இடது கை. தனக்கு ஒரு காசு வரவில்லை. 2009-இல் வழக்குப் போட்டார், 2014-இல் நீதிபதி கிளாடியா வில்கன் அவர் பக்கம் தீர்ப்பளித்தார். 2021 ஜூன் மாதம் ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒருமித்து என்சிஏஏவுக்கு எதிராக நின்றார்கள். கேள்வி என்னவோ படிப்பு சார்ந்த உதவித்தொகைக்கு உச்சவரம்பு வைக்கலாமா என்பதுதான். ஆனால் அதைப் படித்த எல்லோருக்கும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று புரிந்துவிட்டது. பத்தே நாளில், 2021 ஜூலை 1 அன்று, வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்று கதவு திறந்தது. என்ஐஎல் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். அடுத்த கட்டமாக, 2025 ஜூன் 6 அன்று, வீரர்கள் என்சிஏஏ மேல் போட்ட ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு அதே வில்கன் ஒப்புதல் கொடுத்தார். பழைய வீரர்களுக்குப் பத்து வருடத்தில் சுமார் 280 கோடி டாலர் இழப்பீடு. இனி கல்லூரியே நேரடியாக வீரர்களுக்குப் பணம் கொடுக்கலாம், முதல் வருட உச்சவரம்பு ஒரு கல்லூரிக்கு, எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து, சுமார் 2.05 கோடி டாலர். அதில் பெரும்பங்கு அமெரிக்கக் கால்பந்துக்குப் போய்விடுகிறது, ஆண்கள் கூடைப்பந்துக்கு அடுத்த இடம். இது நியாயமான மாற்றம் என்று நினைக்கிறேன், தயக்கமே இல்லை. இருபதாயிரம் பேர் டிக்கெட் வாங்கி வந்து பார்க்கும் ஆட்டத்தில் ஆடுகிறவனுக்கு மட்டும் பங்கில்லை என்பதற்கு எந்தத் தர்மமும் கிடையாது.

சரி, முகங்கள் ஏன் மாறுகின்றன? நீங்கள் பார்த்த காலத்தில் ஒருவன் கல்லூரி மாறினால் ஒரு சீசன் முழுக்க ஆடாமல் உட்கார வேண்டும். அதுதான் பூட்டு. பயிற்சியாளர் மட்டும் நினைத்த நாளில் வேறு கல்லூரிக்குப் போகலாம், அவருக்கு எந்தக் காத்திருப்பும் இல்லை. 2018 அக்டோபரில் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது. மாற விரும்புகிறவர்களின் பெயர்ப் பட்டியல் அது, அவ்வளவுதான். 2021 ஏப்ரலில் ஒரு முறை மாறினால் உட்கார வேண்டாம் என்றார்கள். 2023 டிசம்பரில் மேற்கு வர்ஜீனியாவில் ஒரு கூட்டாட்சி நீதிபதி, இரண்டாவது முறை மாறுகிறவனையும் தடுக்கக் கூடாது என்று இடைக்காலத் தடை போட்டார். 2024 ஏப்ரலில் என்சிஏஏ கையைத் தூக்கிவிட்டது: மதிப்பெண் சரியாக இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம். டிவிஷன் ஒன்றில் 360-க்கும் மேற்பட்ட கல்லூரிகள், ஒவ்வொன்றிலும் பதினைந்து பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2024 வசந்த காலத்தில் அவர்களில் 2,000-க்கும் மேற்பட்ட ஆண்கள் போர்ட்டலில் பெயர் கொடுத்தார்கள். மூன்றில் ஒருவருக்கும் மேல்.

பணம் மட்டும் வந்து பூட்டு அப்படியே இருந்திருந்தால், உங்கள் பழைய நான்கு வருடக் கதைகள் பெரும்பாலும் தொடர்ந்திருக்கும் என்பது என் கணிப்பு. பையன் அதே கல்லூரியில் இருந்துகொண்டு ஊர்க் கார் ஷோரூம் விளம்பரத்தில் நின்றிருப்பான். பூட்டு திறந்து பணம் வராமல் இருந்திருந்தாலும் ஓரளவு போயிருப்பார்கள், ஆடும் நேரம் கிடைக்காதவர்கள் எப்போதும் போனவர்கள்தான். இரண்டும் சேர்ந்தபோது ஒவ்வொரு ஏப்ரலும் சந்தை நாள் ஆகிவிட்டது.

அந்த ஏப்ரலைக் கிட்டே இருந்து பார்த்தால் எப்படி இருக்கும் தெரியுமா? 2025-இல் போர்ட்டல் திறந்தது மார்ச் 24. போட்டியில் இன்னும் பதினாறு அணிகள் மீதி இருந்தன, அவர்கள் அடுத்த ஆட்டத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தபோதே சந்தை ஆரம்பித்துவிட்டது. எங்கள் அலுவலகத்தில் அந்த வாரம் ஒரு திரையில் எங்கள் பையன்களின் பெயர்கள், யார் இருக்கிறார்கள், யார் போகிறார்கள், யார் இன்னும் வாயைத் திறக்கவில்லை. இன்னொரு திரையில் போர்ட்டல், நிமிடத்துக்கு ஒரு பெயர் ஏறும். நான் ஒவ்வொருவனுக்கும் பத்துப் பதினைந்து நிமிட வீடியோ வெட்டிக் கொடுக்க வேண்டும்: பந்தில்லாதபோது எப்படி ஓடுகிறான், தோற்றுக்கொண்டிருக்கும்போது தடுப்பாட்டத்தில் திரும்பி வருகிறானா, சக ஆட்டக்காரன் தவறவிட்டால் முகம் எப்படி மாறுகிறது. ஒரு பையனை இரண்டு வருடம் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் பேசி அழைத்து வந்த காலம் போய், நாற்பத்தெட்டு மணி நேரத்தில் முடிவெடுக்கிறோம். எங்கள் பையன் ஒருவன் டிசம்பரில் பெரிய கல்லூரிக்கு எதிராக இருபத்தைந்து புள்ளி எடுத்தால் பேருந்தில் பாட்டும் கூத்துமாகத் திரும்புவோம், ஆனால் முன்சீட்டில் இருக்கும் கோச்சுகள் அமைதியாக இருப்பார்கள். அவன் அடுத்த வருடம் நம்மிடம் இருக்கமாட்டான் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

பெரிய கல்லூரிகளில் இதன் உச்சத்தைப் பார்க்க 2024-இல் கென்டக்கியைப் பாருங்கள். ஜான் கலிபாரி ஆர்கன்ஸாவுக்குப் போனார், 1996-இல் அதே கென்டக்கிக்காகக் கோப்பை வென்ற மார்க் போப் பயிற்சியாளராக வந்தார். அவர் வந்தபோது ஸ்காலர்ஷிப் வீரர் ஒருவர்கூட மிஞ்சவில்லை. ஆளே இல்லாத அணி. சில வாரங்களில் போர்ட்டலில் இருந்து ஒரு முழு அணியைத் திரட்டினார், நவம்பரில் டியூக்கைத் தோற்கடித்தார், மார்ச்சில் கடைசிப் பதினாறுக்குப் போனார். திறமை என்று பார்த்தால் மெச்ச வேண்டியதுதான். ஆனால் அந்த அரங்கில் உட்கார்ந்திருந்த ரசிகருக்கு முதல் ஆட்டத்தில் எல்லா வீரரும் அந்நியர்.

2025 சாம்பியன் ஃபுளோரிடாவை எடுத்துக்கொண்டால் விஷயம் இன்னும் தெளிவாகும். வால்டர் கிளேட்டன் ஐயோனா என்ற சிறிய கல்லூரியில் இரண்டு வருடம் ஆடிவிட்டு வந்தவர். வில் ரிச்சர்ட் பெல்மான்ட்டில் இருந்து வந்தவர். அலைஜா மார்ட்டின் 2023-இல் ஃபுளோரிடா அட்லாண்டிக் என்ற யாரும் எதிர்பார்க்காத அணியைக் கடைசி நான்கு வரை கொண்டுபோனவர்களில் ஒருவர். மூன்று சின்னக் கல்லூரிகள் கண்டுபிடித்து வளர்த்த மூன்று பேர் ஒரு பெரிய கல்லூரியில் சேர்ந்து கோப்பை வாங்கினார்கள். இறுதி ஆட்டத்தில் ஹூஸ்டன் ஒரு கட்டத்தில் 12 புள்ளி முன்னால் இருந்தது. கிளேட்டன் முதல் பாதியில் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. கடைசி நொடிகளில் 65-63. ஹூஸ்டனின் இமானுவேல் ஷார்ப் மூன்று புள்ளிக்கு எழும்புகிறார், கிளேட்டன் பாய்ந்து வந்து கையை உயர்த்துகிறார், ஷார்ப் அந்தரத்தில் பந்தைக் கீழே விட்டுவிடுகிறார். மறுபடி தொட்டால் விதிமீறல், அதனால் துள்ளும் பந்தைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருக்கிறார். அலெக்ஸ் கான்டன் அதன்மேல் விழுகிறார், ஆட்டம் முடிந்தது. புள்ளி எடுக்க முடியாத நாளில் தடுப்பாட்டத்தால் கோப்பையைக் காப்பாற்றிய அந்தக் கிளேட்டனை யாராவது 'காசுக்கு வந்தவன்' என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

இந்தக் கணக்கில் நஷ்டப்படுகிறவர்கள் ஐயோனாவும் பெல்மான்ட்டும்தான். 2022-இல் செயின்ட் பீட்டர்ஸ், நியூஜெர்சியின் ஒரு சின்னக் கத்தோலிக்கக் கல்லூரி, தன் பிரிவின் பதினாறு இடங்களில் பதினைந்தாம் தரவரிசையில் இருந்து கென்டக்கியை வீழ்த்திக் கடைசி எட்டு வரை போனது. சில வாரங்களில் பயிற்சியாளர் போனார், முக்கிய வீரர்கள் ஆளுக்கொரு பக்கம் சிதறினார்கள். டிரேக் என்ற இன்னொரு சின்னக் கல்லூரியின் கதை இதைவிட வேகமானது. பென் மெக்கல்லம் டிவிஷன் இரண்டில் நார்த்வெஸ்ட் மிசூரியில் நான்கு கோப்பை வென்ற பயிற்சியாளர். 2024-இல் டிரேக்குக்கு வந்தபோது தன் பழைய வீரர்களில் நால்வரையும் அழைத்து வந்தார். அந்தச் சீசனில் 31 வெற்றி, 4 தோல்வி, மார்ச்சில் மிசூரியை வீழ்த்தினார்கள். உடனே அவரை அயோவா அழைத்துக்கொண்டது, பென்னட் ஸ்டர்ட்ஸ் உட்பட வீரர்களும் பின்னால் போனார்கள். டிரேக் ரசிகர்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு குளிர்காலம். பின்னாளில் பெரும் நட்சத்திரமான ஸ்டீஃபன் கர்ரி 2008-இல் டேவிட்சன் என்ற சின்னக் கல்லூரியைக் கடைசி எட்டு வரை கொண்டுபோனபோது இரண்டாம் ஆண்டு மாணவர். அடுத்த வருடமும் அங்கேயே ஆடினார். இன்று அப்படி ஒரு இரண்டாம் ஆண்டு மாணவனுக்கு அன்று இரவே இருபது போன் வரும். கர்ரி 2025-இல் டேவிட்சன் அணியின் உதவிப் பொது மேலாளராகப் பெயர் கொடுத்ததையும் இந்தப் பின்னணியில்தான் பார்க்கிறேன். சின்னக் கல்லூரிக்கு இப்போது பயிற்சியாளர் மட்டும் போதவில்லை, பணம் திரட்டவும் ஆளைத் தக்கவைக்கவும் ஒருவர் வேண்டியிருக்கிறது.

சின்ன அணிகளின் அதிசயக் கதைகள் முடிந்துவிட்டன என்று பலர் எழுதுகிறார்கள். இங்கே உறுதியானதையும் ஊகத்தையும் பிரிக்க வேண்டும். 2025-இல் கடைசிப் பதினாறில் இருந்த எல்லா அணிகளும் நான்கே நான்கு பெரிய கான்ஃபரன்ஸ்களை, அதாவது கல்லூரிகள் சேர்ந்து ஆடும் குழுக்களை, சேர்ந்தவை. கடைசி நான்கு அணிகளும் போட்டியின் நான்கு பிரிவுகளிலும் முதல் தரவரிசையில் இருந்தவை. எஸ்இசி என்ற ஒரே கான்ஃபரன்ஸில் இருந்து 14 அணிகள் போட்டிக்குள் வந்தன. இவை நடந்தவை. இதுவே இனி நிரந்தரம் என்பது ஊகம். அதற்கு முந்தைய வருடம்தான் ஓக்லண்ட் கென்டக்கியை வீழ்த்தியது. அந்த இரவு பத்து மூன்று புள்ளி ஷாட் போட்ட ஜாக் கோல்கி டிவிஷன் இரண்டில் இருந்து மாறி வந்தவர், அவரைக் கொடுத்ததும் இதே போர்ட்டல்தான். ஒற்றை ஆட்டத்தில் தோற்றால் வெளியே என்கிற போட்டியில் விபத்துகள் நடந்துகொண்டே இருக்கும். ஆனால் ஒரு சின்ன அணி ஒன்றாகச் சேர்ந்து மூன்று வருடம் பழுத்து, நான்காவது வருடம் கடைசி நான்குக்குப் போவது மிகக் கடினமாகிவிட்டது. என் வேலையில் தினமும் பார்ப்பது இது.

இன்னொரு ஊகம், சம்பளத் தொகைகள். இன்னார் இவ்வளவு லட்சம் வாங்குகிறார் என்று வரும் எண்களைப் பாதியாவது சந்தேகத்தோடு படியுங்கள். இந்த ஒப்பந்தங்கள் தொழில்முறை லீகான என்பிஏவில்போலப் பொதுவில் வெளியாவதில்லை. எண்ணைச் சொல்கிறவர் பெரும்பாலும் அதில் லாபம் உள்ள ஏஜென்ட். பெரிய கான்ஃபரன்ஸில் முன்னணி வீரர்களுக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் போகிறது என்பது வரை உறுதியாகச் சொல்வேன். எங்களைப் போன்ற இடங்களில் அது ஒரு நல்ல பகுதிநேர வேலைச் சம்பளம், சிலருக்கு அதுவும் இல்லை.

ஆட்டம் கெட்டுவிட்டதா என்ற கேள்விக்கு, மைதானத்துக்குள் மட்டும் பார்த்தால், என் பதில் உறுதியாக இல்லை என்பதே. 2012-13 சீசனை ஞாபகப்படுத்திப் பாருங்கள். ஒரு அணியின் சராசரி 67.5 புள்ளி, அறுபது வருடத்தில் மிகக் குறைவு. இழுத்துப் பிடித்து, தள்ளி, முப்பத்தைந்து நொடியும் பந்தைத் தட்டிக்கொண்டே நின்ற ஆட்டம் அது. 2015-இல் ஷாட் கிளாக்கை, அதாவது பந்தை எறிய உள்ள கால வரம்பை, 30 நொடியாக்கினார்கள், அதற்கு முன்பே கையால் தடுப்பதற்குக் கடுமையாகத் தவறு கொடுக்க ஆரம்பித்தார்கள். 2019-இல் மூன்று புள்ளிக் கோட்டை 22 அடி ஒன்றேமுக்கால் அங்குலத்துக்குத் தள்ளியதும் உள்ளே இடம் பிறந்தது. இப்போது எடுக்கும் ஷாட்களில் ஐந்தில் இரண்டு பங்கை நெருங்குவது மூன்று புள்ளி முயற்சிகள். அதோடு ஆடுகிறவர்களுக்கு வயதும் கூடிவிட்டது. கோவிட் வருடத்துக்காகக் கிடைத்த கூடுதல் சீசனால் இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதுக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். அந்தச் சலுகை ஓய்ந்தாலும் பணம் அவர்களைத் தக்கவைக்கிறது. வயதான அணிகள் குறைவாகத் தவறு செய்கின்றன, ஐந்து பேரும் பந்தை நகர்த்துகிறார்கள். வீடியோவில் பழைய ஆட்டத்தையும் புதியதையும் அடுத்தடுத்து ஓடவிட்டால் வித்தியாசம் கண்ணில் அறையும்.

நீங்கள் வெறுத்த 'ஒரு வருடம் ஆடிவிட்டு ஓடுவது' கூடக் குறைந்திருக்கிறது. 2005-இல் என்பிஏ பத்தொன்பது வயது விதியைக் கொண்டுவந்ததால் பதினெட்டு வயதுப் பையன்கள் கல்லூரியை ஒரு வருடத் தங்குமிடமாக ஆக்கினார்கள். கூப்பர் ஃப்ளாக் போன்ற முதல் வரிசை ஆட்கள் இன்றும் ஒரு வருடத்தில் போவார்கள். ஆனால் என்பிஏ அணிகள் புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டின் இரண்டாம் சுற்றில் எடுக்கப்படுவோமா மாட்டோமா என்று ஊசலாடும் ஒருவனுக்குக் கல்லூரியிலேயே அதிகம் கிடைக்கிறது. 2021-இல் படிப்பு முடியும் முன் டிராஃப்ட்டுக்குப் பெயர் கொடுத்தவர்கள் 350-க்கு மேல், 2025-இல் 106. கல்லூரிக்குப் பதிலாக நேரே சம்பளம் என்று என்பிஏ தொடங்கிய ஜி லீக் இக்னைட் அணியை 2024-இல் மூடிவிட்டார்கள், யாருக்கும் அது தேவைப்படவில்லை. ஐரோப்பாவில் தொழில்முறை அணிகளில் ஆடிய பையன்களும் இப்போது இங்கே வருகிறார்கள்.

நம்மவர்களுக்கு நன்றாகத் தெரிந்த எஃப்-1 விசா இங்கேயும் குறுக்கே நிற்கிறது. வெளிநாட்டு மாணவன் அமெரிக்க மண்ணில் வேலை செய்து சம்பாதிப்பதற்கு உள்ள தடை விளம்பரத்துக்கும் பொருந்தும். காங்கோவைச் சேர்ந்த ஆஸ்கர் ஷிப்வே கென்டக்கியில் ஆடியபோது, 2022 ஆகஸ்ட்டில் அணி பஹாமாஸ் போன சமயத்தில் அங்கே வைத்து விளம்பர வேலைகளை முடித்தார். இரண்டு வருடம் தொடர்ந்து நாட்டின் சிறந்த வீரராகத் தேர்வான கனடாக்காரர் ஜாக் ஈடியும் இதே சிக்கலில்தான் இருந்தார். கல்லூரியே நேரடியாகக் கொடுக்கும் பணம் விசா விதியில் எங்கே விழுகிறது என்பது இன்னும் வழக்கறிஞருக்கு வழக்கறிஞர் மாறுகிறது. உங்கள் மகன் இங்கேயே பிறந்தவனாக இருந்தால் இந்தக் கவலை வேண்டாம்.

இந்தக் குழப்பத்தை ஏன் யாராலும் நிறுத்த முடியவில்லை என்று கேட்பீர்கள். என்பிஏவில் டிராஃப்ட், சம்பள உச்சவரம்பு, பல வருட ஒப்பந்தம் எல்லாம் சட்டப்படி நிற்கின்றன, ஏனென்றால் வீரர் சங்கம் பேரம் பேசி ஒப்புக்கொண்டவை அவை. கல்லூரி வீரர்கள் ஊழியர்கள் அல்ல, சங்கமும் இல்லை. ஆகவே என்சிஏஏ போடும் ஒவ்வொரு கட்டுப்பாடும், போட்டியாளர்கள் கூடிப் பேசி ஆளின் விலையை அமுக்குவதாக நீதிமன்றத்தில் தெரிகிறது, ஒவ்வொன்றாக உடைகிறது. டார்ட்மத் கல்லூரி ஆண்கள் அணி 2024 மார்ச்சில் 13-2 என்று வாக்களித்துச் சங்கம் அமைக்க முயன்றது, அந்த வருடக் கடைசி நாளில் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. வீரர்களோடு உட்கார்ந்து பேசி, இரண்டு மூன்று வருட ஒப்பந்தம் போட்டு, அதற்கேற்ற பணமும் பாதுகாப்பும் கொடுத்தால் நீங்கள் இழந்த தொடர்ச்சியில் பாதியாவது திரும்பி வரும். கல்லூரிகளோ அவர்களை ஊழியர் என்று ஒப்புக்கொள்ளத் தயாராக இல்லை, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டம் போட்டுத் தங்களைக் காப்பாற்ற வேண்டும் என்று காத்திருக்கின்றன. எனக்கு இதில் மனத்தாங்கல் உண்டு. மாற்றம் வரும் என்று 2009-லேயே தெரிந்தும், முறையாகப் பேசாமல், தோற்கிற வரை வழக்காடினார்கள்.

பெரிய பயிற்சியாளர்களே விலகிவிட்டார்கள்: வில்லனோவாவின் ஜே ரைட் 2022-இல் விலகினார், வர்ஜீனியாவின் டோனி பென்னட் 2024 அக்டோபரில், சீசன் தொடங்கச் சில வாரம் இருக்கும்போது, இந்தப் புதிய சூழலுக்குத் தான் பொருத்தமானவன் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு விலகினார். பையன்களை மெல்ல வளர்ப்பதே அவருடைய முறை. அந்த முறைக்கு இடம் சுருங்கிவிட்டது என்பது உண்மை. முழுக்கப் போய்விடவில்லை. பர்டூவில் மேட் பெயிண்டர் இன்றும் பள்ளியில் இருந்து எடுத்த பையன்களை வைத்து அணி கட்டுகிறார், 2024-இல் அப்படியே இறுதி ஆட்டம் வரை போனார்.

பெண்கள் ஆட்டத்தை ஒரு முறை நன்றாகப் பாருங்கள் என்று சொல்வேன். 2021-இல் ஆண்கள் போட்டிக்குப் பெரிய உடற்பயிற்சிக் கூடமும் பெண்கள் போட்டிக்கு ஒரே ஒரு டம்பெல் அடுக்கும் கொடுத்திருந்ததை ஓரிகன் வீராங்கனை செடோனா பிரின்ஸ் வீடியோ எடுத்துப் போட்டார். ஆண்கள் போட்டிக்கு இருந்த மார்ச் மேட்னெஸ் என்ற பெயரையே பெண்கள் போட்டிக்கு 2022-இல்தான் கொடுத்தார்கள். அதன்பின் இரண்டே வருடத்தில், 2024 இறுதி ஆட்டத்தில் அயோவாவும் சவுத் கரோலினாவும் மோதியதைச் சராசரியாக 1.89 கோடிப் பேர் பார்த்தார்கள். அதே வருட ஆண்கள் இறுதி ஆட்டத்துக்கு 1.48 கோடி. கெய்ட்லின் கிளார்க் நான்கு வருடமும் அயோவாவிலேயே ஆடி, 3,951 புள்ளிகளோடு, டிவிஷன் ஒன்றின் மொத்தப் புள்ளிச் சாதனையாக இருந்த பீட் மாராவிச்சின் 3,667-ஐத் தாண்டினார். மாராவிச் மூன்றே சீசனில், மூன்று புள்ளிக் கோடே இல்லாத காலத்தில் எடுத்தது அது என்பதையும் சொல்லியாக வேண்டும். பெண்களின் தொழில்முறை லீகான டபிள்யூஎன்பிஏவுக்கு அமெரிக்க வீராங்கனைகள் சீக்கிரம் போக முடியாதபடி வயது விதி இருப்பதால், அங்கே ஒருவரை நான்கு வருடம் பின்தொடர்வது இன்னும் சாத்தியம். அங்கும் போர்ட்டல் சுறுசுறுப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் பெரிய நட்சத்திரங்கள் கல்லூரி ஆட்டத்திலேயே வளர்ந்து முதிர்வதைப் பார்க்கலாம்.

கடைசியாக உங்கள் மகன் விஷயம். பள்ளியில் இருந்து நேரே வருகிறவர்களுக்கு இது கெட்ட காலம், இதை மழுப்பிச் சொல்ல மாட்டேன். ஸ்காலர்ஷிப் 13 என்பது போய், சமரசத்தில் சேர்ந்த கல்லூரிகளில் அணிக்கு 15 பேர் என்று ஆகியிருக்கிறது. ஆனால் அந்த இடங்களுக்கு நாங்கள் பதினெட்டு வயதுப் பையனைவிட வேறு கல்லூரியில் இரண்டு வருடம் ஆடிக் காட்டிய இருபது வயதுக்காரனையே முதலில் பார்க்கிறோம். நான்கு வருடம் காத்திருந்து வளர்த்தால் அவன் இரண்டாம் வருடத்தில் போய்விடுவான் என்ற பயம் எல்லாக் கோச்சுக்கும் இருக்கிறது. ஆகவே டிவிஷன் இரண்டு, மூன்று என்று வரும் அழைப்புகளைக் குறைவாக நினைக்காதீர்கள். நல்ல ஆடும் நேரமும், அதில் எடுத்த வீடியோவும்தான் இன்று ஒருவனுக்குச் சொத்து. டிவிஷன் மூன்றிலும், ஹார்வர்ட் போன்ற கல்லூரிகளின் ஐவி லீகிலும் விளையாட்டுக்கான ஸ்காலர்ஷிப்பே கிடையாது. டிவிஷன் மூன்றில் படிப்பை வைத்தும் வீட்டு வருமானத்தை வைத்தும் உதவித்தொகை, ஐவி லீகில் வீட்டு வருமானத்தை வைத்து மட்டும்தான். யாராவது கோச் வீட்டுக்கு வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள்: போன வருடம் இந்த அணியில் இருந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள், என் மகன் ஆடும் இடத்துக்குப் போர்ட்டலில் ஆள் தேடுகிறீர்களா, நீங்கள் வேறு கல்லூரிக்குப் போனால் இவன் ஸ்காலர்ஷிப் என்ன ஆகும். கடைசிக் கேள்விக்கான பதிலை எழுத்தில் வாங்குங்கள். முகவர் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர் எதிலாவது கையெழுத்து கேட்டால், ஒரு வழக்கறிஞரிடம் காட்டாமல் போடாதீர்கள். கல்லூரி மாறும்போது முடித்த கிரெடிட்கள் எல்லாம் கூட வராது என்பதையும் அவனிடம் இப்போதே சொல்லி வையுங்கள். நான்கு வருடத்தில் மூன்று கல்லூரி பார்த்தவர்களில் பட்டம் தள்ளிப்போனவர்களை எங்கள் அணியிலேயே பார்த்திருக்கிறேன்.